நாற்பத்தோராம் தாளின் தீவு

நில அளவை அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் புள்ளியக்காவுக்குத் தெரியாத ஊர் கிடையாது. போய்ப் பார்த்த ஊர் எத்தனை என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாள். எந்த ஓடை எந்தத் தெருவுக்குப் பின்னால் போகிறது, எந்தக் குன்றின் தலையில் அளவைக் கல் நட்டிருக்கிறது, எந்தக் குளம் எந்த வருஷம் தூர்ந்து பேருந்து நிலையமானது என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் வீட்டிலிருந்து அலுவலகம், அலுவலகத்திலிருந்து வீடு, நடுவில் காய்கறிக் கடை. இருபத்தாறு வருஷமாக அவள் கால் மிதித்த பூமி அவ்வளவுதான்.

புள்ளியக்கா என்பது அலுவலகம் வைத்த பெயர். அவள் வேலை அப்படி. மேசை அகலத்துக்கு ஒரு ஸ்கேனர் இருக்கும். அதில் பழைய வரைபடத் தாளைப் பச்சைக் குழந்தையைக் கிடத்துவது மாதிரிக் கிடத்திப் படம் எடுப்பாள். அப்புறம் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் அந்தப் பழைய தாள், இன்னொரு பக்கம் வானத்திலிருந்து இன்றைக்கு எடுத்த படம். அன்றும் இருந்து இன்றும் அதே இடத்தில் இருக்கிற பொருளாகப் பார்த்துத் தேடுவாள். ஒரு பாலத்தின் முனை, ஒரு பாறை, ஒரு கோபுரம். கிடைத்ததும் இரண்டு படத்திலும் அதன்மேல் ஒரு புள்ளி வைப்பாள். மூன்று நாலு புள்ளி சேர்ந்தால் போதும். ஈரப் போர்வையை ஆளுக்கொரு முனையில் பிடித்து இழுத்துக் கொடியில் போடுவது போல, கம்ப்யூட்டர் பழைய தாளை இழுத்துப் புதிய படத்தின்மேல் சுருக்கமில்லாமல் விரித்துவிடும். பிறகு யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம், அன்று எது எங்கே இருந்தது, இன்று அங்கே என்ன இருக்கிறது என்று.

கேட்க எளிதாக இருக்கிறது. புள்ளி ஒரு மயிரிழை தப்பினால் ஒரு தெருவே பக்கத்து வீட்டுக்காரன் தலையில் போய் விழும். புள்ளியக்கா வைத்த புள்ளி அப்படி விழுந்ததில்லை. "அக்கா வெச்சா வெச்சதுதான்" என்று பிரிவில் ஒரு பேச்சு உண்டு. வெளியே அடக்கமாகச் சிரித்தாலும் உள்ளுக்குள் அவளுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

வீட்டில் அந்தப் பெருமையைச் சீண்டுவதற்கென்றே ஒருவர் இருந்தார். முப்பது வருஷம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், அவள் கணவர்.

"நான் ஒரு நாளும் மேப் பாத்து வண்டி ஓட்டினதில்ல. நீ ஒரு நாளும் வண்டி ஏறி மேப்ல இருக்குற எடத்தப் பாத்ததில்ல. ரெண்டு பேரும் எப்படியோ காலத்த ஓட்டிட்டோம்" என்பார்.

"எனக்கு எடத்தப் போய்ப் பாக்கணும்னு அவசியமே இல்லைங்க. பாத்தவங்க எழுதி வெச்சுட்டுப் போயிருக்காங்க."

"எழுதினவன் குடிச்சிருந்தான்னா?"

அன்றைக்கு அவர் தட்டில் குழம்பைக் கொஞ்சம் குறைத்து ஊற்றுவாள்.

நாற்பத்தோராம் தாள் அவள் கைக்கு வந்தது ஒரு மழைக்காலத் தொடக்கத்தில். எண்பத்திரண்டு வயதான தாள். கடலுக்கும் கரைக்கும் நடுவே, கரைக்குத் தடுப்பு வைத்த மாதிரி நீளவாக்கில் கிடக்கும் ஒரு மணல் தீவு. பதினோரு கிலோமீட்டர் நீளம். அகலம் நானூறு மீட்டர்கூட இல்லை. ஒரு பக்கம் திறந்த கடல். மறுபக்கம் தீவுக்கும் நிலத்துக்கும் இடையே அமைதியான ஆழமில்லாத கழி. அந்த அலுவலகத்தில் ஆயிரம் தாள்களைப் பார்த்தவள்தான். இதைப் பார்த்ததும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மலையை வரைவது பெரிய காரியமில்லை. மலை ஓடிப்போகாது. இந்த மனிதர்கள் மணலை வரைந்திருந்தார்கள். ஒவ்வொரு மணல்மேட்டுக்கும் உயரம் அளந்து, தலைமுடி கனத்தில் பழுப்புக் கோடுகளைச் சுற்றிச் சுற்றிப் போட்டிருந்தார்கள். எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர், எதில் உப்பு என்று எறும்பு எழுத்தில் எழுதியிருந்தார்கள். கழிக்கரையோரம் நாணல் புதர்களைப் பச்சையில் காட்டி, அதன் ஓரமாக ஒரு வண்டித் தடத்தை இரட்டைப் புள்ளிக்கோடாக இழுத்திருந்தார்கள். அந்தத் தடம் ஒரு சேற்றுப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் ஒரு வளைவு, உடனே வலப்பக்கம் ஒரு வளைவு என்று நெளிந்து போயிற்று. யார் வரைந்தது என்று பெயர் இல்லை. "களப்பணி: மூவர்" என்று மட்டும் ஒரு மூலையில் இருந்தது. வெயிலில் கொதிக்கிற மணலில், மூன்று பேர், சங்கிலியும் கோலும் தூக்கிக்கொண்டு பதினோரு கிலோமீட்டர் நடந்திருக்கிறார்கள். அவளுக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

தாளில் ஒரே ஒரு குறை. சட்டம் போட்டு மாட்டுவதற்காக முன்பு யாரோ ஒரு பெரிய அதிகாரி நாலு ஓரத்தையும் வெட்டியிருந்தார். அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் எல்லாம் அந்த ஓரத்தோடு குப்பைக்குப் போய்விட்டன. நல்லவேளை, அந்த மகானுபாவர் பெயர் யாருக்கும் நினைவில்லை. தெரிந்திருந்தால் புள்ளியக்கா தினமும் ஒரு முறை திட்டியிருப்பாள்.

தாளைக் கேட்டு வந்தவர் ஒரு கட்டுமான இன்ஜினியர். நாற்பது வயது, எப்போதும் சட்டைப் பையில் இரண்டு பேனா. இரண்டு வருஷத்துக்கு முந்தைய புயலில் கழியைத் தாண்டித் தப்ப முடியாமல் தீவில் ஒன்பது பேர் இறந்துபோயிருந்தார்கள். மிச்சமிருந்த முந்நூறு பேருக்கு ஒரு புயல் காப்பகம் கட்ட உத்தரவாகியிருந்தது. கெட்டியான கட்டடம், அறுபது வருஷம் நிற்கவேண்டும்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும் மேடம்" என்றார் இன்ஜினியர். "எண்பது வருஷமா கடல் தொடாத எடம் எது? அத மட்டும் சொல்லுங்க. அங்கதான் கட்டப்போறேன். முந்நூறு பேர் உயிரு."

"சொல்லிடலாம் சார்" என்றாள்.

அன்றும் இன்றும் உள்ள பொருட்களாக அந்தத் தாளில் மூன்றுதான் தேறின. தீவின் நடுவில் கலங்கரை விளக்கம். நிலப்பகுதியில் ஒரு குன்றின் அளவைக் கல். அதே நிலப்பகுதியில் ஒரு பழைய செங்கல் சூளையின் புகைபோக்கி. மூன்றிலும் புள்ளி வைத்தாள். கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. குன்றுக் கல்லும் புகைபோக்கியும் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தின. கலங்கரை விளக்கம் மட்டும் நானூற்றுச் சொச்சம் மீட்டர் தள்ளி நின்று முறைத்துக்கொண்டிருந்தது.

இங்கேதான் அவள் செய்யக்கூடாததைச் செய்தாள். வேறு யாராக இருந்தாலும் இரண்டு பேர் ஒரு கட்சி, ஒருவர் ஒரு கட்சி என்றால் இரண்டு பேர் பக்கம் போயிருப்பார்கள். வரைபடப் பிரிவில் பழகியவர்கள் அப்படிப் போகமாட்டார்கள். கடலோரத் தாள் என்றால் முதல் புள்ளி கலங்கரை விளக்கம் என்பது அங்கே காலங்காலமாக வரும் வழக்கம். கப்பல்காரன் உயிரை நம்பி வைக்கிற பொருள். அது நகராது, அதன் இடத்தைத் தப்பாக எழுதவும் மாட்டார்கள். ஆகவே மற்ற இரண்டு புள்ளிகளையும் எடுத்துவிட்டாள். கலங்கரை விளக்கத்தையும் தீவின் இரண்டு முனைகளையும் பிடித்துத் தாளை விரித்தாள்.

அச்சு அசலாகப் பொருந்தியது. வடக்கு முனையின் கொக்கி, நடுவில் உள்ள இடுப்பு, தெற்கின் வாலில் இருக்கும் சுழிப்பு என்று பழைய தீவும் புதிய தீவும் ஒன்றின்மேல் ஒன்று நூல் பிசகாமல் படிந்தன. எண்பத்திரண்டு வருஷத்தில் தீவு இம்மியும் அசையவில்லை! புள்ளியக்காவுக்கு உடம்பு சிலிர்த்தது. கடலோரத்து மணல்மேடுதான் அன்றும் உயரம், இன்றும் உயரம். அதன்மேல் ஒரு சிவப்புக் குறி போட்டாள். தாளின் குறிப்புக் கட்டத்தில், "நிலப்பகுதி அளவீட்டில் பழைய அளவையாளரின் பிழை, சுமார் 400 மீட்டர்" என்று தட்டச்சு செய்து கையெழுத்தும் போட்டாள். கையெடுத்துக் கும்பிடத் தோன்றிய அதே மனிதர்களைத்தான் ஒரு வரியில் குற்றவாளிகளாக்கினாள்.

ஐந்து மாதம் கழித்து, காப்பகத்துக்கு அடிக்கல் நாட்டும் நிகழ்ச்சிக்கு இன்ஜினியர் அவளை அழைத்தார். தாளின் பெரிய நகல் ஒன்றைத் தீவு மக்களுக்கு அவள் கையால் கொடுக்க வேண்டுமாம். போகாமல் தட்டிக்கழிக்க நாலு காரணம் யோசித்து வைத்திருந்தாள். கணவர்தான் விடவில்லை.

"போயிட்டு வா. எழுதினவன் நெதானத்துலதான் இருந்தானான்னு பாத்துட்டு வந்து சொல்லு" என்று படகுத்துறை வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

படகோட்டி தீவுக்காரர். அவளைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருந்தும் பெண்கள் எல்லாரையும் அக்கா என்றே கூப்பிடுவார். அவள் நகல் சுருட்டிய நீளக் குழாயை மடியில் வைத்துக்கொண்டு, படகின் ஓரத்தை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கழி கண்ணாடியாகக் கிடந்தது. தூரத்தில் தீவு ஒரு வெளுத்த கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டின் நடுவில் கலங்கரை விளக்கம் நிமிர்ந்தது. கிட்டே போகப் போக அவள் நெற்றி சுருங்கியது. கல் கோபுரத்தை அவள் எதிர்பார்த்திருந்தாள். அங்கே நின்றது நாலு இரும்புக் கால், குறுக்கும் நெடுக்கும் இரும்புச் சட்டம், உச்சியில் ஒரு கூண்டு.

"இரும்பா?" என்றாள்.

"ஆமாக்கா. கல்லுல கட்டினா எப்படிக் கழட்டுறது?"

"எதுக்குக் கழட்டணும்?"

"கடல் கிட்ட வந்துருச்சுன்னா கழட்டிப் பின்னால கொண்டுபோய் மாட்டணும்ல. எங்க அப்பா காலத்துல ஒரு தடவ மாட்டினாங்க. எனக்கு இருபத்து மூணு வயசு இருக்கும்போது இன்னொரு தடவ. நானே ஸ்பேனர் புடிச்சிருக்கேன். அந்தத் தடவ ரொம்பவே பின்னால தள்ளி, கழியோரம் நட்டோம். இப்பப் பாருங்க, மறுபடியும் நடுவுக்கு வந்துருச்சு."

புள்ளியக்கா மடியிலிருந்த குழாயைப் பார்த்தாள். கலங்கரை விளக்கம் துறைமுகக்காரர்கள் சொத்து. அவர்கள் கழற்றி மாட்டியதைப் பற்றி நில அளவை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதியிருக்க மாட்டார்கள். இவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரே தெருவில் எதிரெதிரே இருக்கும் அலுவலகங்கள்.

"மொதல்ல எங்க இருந்துச்சு?" என்றாள்.

படகோட்டி தீவைத் தாண்டி, அந்தப் பக்கத்துக் கடலைக் கைகாட்டினார். "அங்க ரெண்டாவது அலை உடையும்ல? அதுக்கும் அந்தப் பக்கம்."

தீவு அசையவே இல்லை என்று அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். கலங்கரை விளக்கமும் தீவும் சேர்ந்தே நகர்ந்திருந்தால், ஒன்றை வைத்து மற்றதை அளந்தால் எப்படித் தெரியும்? ஓடுகிற பேருந்துக்குள் உட்கார்ந்துகொண்டு முன் சீட்டைப் பார்த்து, வண்டி நிற்கிறது என்று சத்தியம் செய்த கதை. இருந்தாலும் ஒரு படகுக்காரர் பேச்சை நம்பி முந்நூறு பேர் வேலையை நிறுத்திவிட முடியுமா? கண்ணால் பார்க்காமல் எதையும் சொல்வதில்லை என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக முடிவு செய்தாள்.

அடிக்கல் நாட்டவேண்டிய அதிகாரியின் படகு வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். இன்ஜினியர் மணல்மேட்டில் பந்தல் கட்டுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளியக்கா குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு, "கடல் பக்கம் போகணும்" என்றாள். படகோட்டியும் கூட வந்தார்.

கழிப்பக்கத்திலிருந்து கடல்பக்கம் போக ஐந்து நிமிஷ நடை. வழியில் இருந்த வீடுகள் எல்லாமே மரச் சட்டத்தின்மேல் உட்கார்ந்திருந்தன. சட்டத்தின் அடியில் உருட்டுக்கட்டை செருக இடம் விட்டிருந்தது. ஒரு வீட்டு வாசலில் ஒருத்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது எங்க சித்தி வீடு. நாலு எடம் மாறியாச்சு. அடுப்புல இருக்குற பாலக்கூட எறக்காம இழுத்துருவோம்" என்றார் படகோட்டி.

"அப்போ தீவு தேஞ்சுகிட்டே வருதா?"

"தேயல அக்கா. பெரும் புயல் வந்தா முன்னால இருக்குற மணல அள்ளி அப்படியே வீட்டுக்கு மேல எறிஞ்சு பின்னால கழியில கொட்டும். முன்னால போச்சுன்னா பின்னால வரும். நாங்களும் பின்னால போயிருவோம்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் எந்த ஆச்சரியமும் இல்லை. பல் தேய்ப்பதைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

கடல் வற்றி இறங்கியிருந்த நேரம். ஈரமணலுக்குக் கீழே, அலை கழுவிவிட்ட இடத்தில், கறுப்பாக ஒரு திட்டு நீட்டிக்கொண்டிருந்தது. மணல் இல்லை, கெட்டிச் சேறு. குனிந்து தொட்டாள். சேற்றுக்குள் கொத்துக் கொத்தாக நாணல் வேர்கள். நாணல் எங்கே வளரும்? அலையடிக்கும் கடல் ஓரத்தில் ஒருநாளும் வளராது. அமைதியான கழியோரத்தில்தான் வளரும்.

"இது எங்க பாத்தாலும் இருக்கும்க்கா, தண்ணி வத்தினா தெரியும். இந்தக் கோடெல்லாம் என்னன்னு யாருக்கும் தெரியாது" என்று படகோட்டி காலால் காட்டினார்.

இரண்டு கோடுகள். இணையாக, ஓரளவு ஆழமாக, கறுப்புச் சேற்றில் அழுந்திப்போன இரண்டு பள்ளங்கள். நடுவே பிளந்த குளம்புச் சுவடுகள், ஒன்றன்பின் ஒன்றாக. நேற்று மாலை மாட்டு வண்டி போனது மாதிரி இருந்தது. அந்தத் தீவில் மாடு இல்லை. படகோட்டிக்கு நினைவு தெரிந்து வண்டியும் இல்லை.

புள்ளியக்கா தடத்தோடு நடந்தாள். முப்பது தப்படி போனதும் அது இடப்பக்கம் வளைந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் வலப்பக்கம் வளைந்தது. இரண்டு வளைவுக்கும் நடுவில் ஒரு பள்ளம், அதில் தண்ணீர் தேங்கியிருந்தது.

அவள் குழாயிலிருந்து தாளை உருவினாள். காற்று பிடுங்கப் பார்த்தது. படகோட்டி இரு முனைகளையும் பிடித்துக்கொண்டார். இரட்டைப் புள்ளிக்கோடு. கழிக்கரை ஓரம். நாணல். சேற்றுப் பள்ளத்தைச் சுற்றி இடம், வலம். தாளில் இரண்டு வளைவுக்கும் இடையே விரலால் அளந்து, மனசுக்குள் கணக்குப் போட்டு, தரையில் அளக்க நடந்தாள். நூற்றுப் பத்துத் தப்படி வரவேண்டும். நூற்றுப் பதினொன்று வந்தது. அந்த ஒரு தப்படி அவள் செருப்பு வழுக்கியதில் போனது.

அப்படியே சேற்றில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. எண்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த இடம் தீவின் முதுகுப்பக்கம். அந்த மூவர் இங்கே நடந்தபோது கழியின் தண்ணீர் அவர்கள் கால் பக்கத்தில் கிடந்திருக்கும். கடல் நானூறு மீட்டருக்கு அப்பால், மணல்மேடுகளுக்குப் பின்னால், சத்தமாக மட்டும் இருந்திருக்கும். இன்று அதே இடம் தீவின் முகம். நடுவில் பதினோரு கிலோமீட்டர் நீளத் தீவு, வீடும் கிணறும் மணல்மேடும் மனிதர்களும் சகலமுமாக, இந்தத் தடத்தின்மேல் ஏறித் தாண்டிப் போயிருக்கிறது. தன் உடம்பு அகலத்துக்கு முழுசாக ஓர் எட்டு. அந்தக் கொக்கி, அந்த இடுப்பு, அந்த வால் எதுவும் குலையாமல். இவ்வளவு பெரிய ஒன்று இவ்வளவு மெதுவாக நடக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. அவளுடைய வாழ்நாள் முழுவதுமே அதற்கு ஓர் எட்டுக்கூட இல்லை.

அந்த மூவர் ஒரு தப்படிகூடத் தப்பு செய்யவில்லை. அவள்தான் செய்தாள்.

எழுந்து சேற்றோடு பந்தலுக்கு நடந்தாள். அதிகாரி வந்துவிட்டிருந்தார். நாற்காலிகளில் தீவு ஜனம் பாதிக்குமேல் உட்கார்ந்திருந்தது. இன்ஜினியர் அவளைப் பார்த்துச் சிரித்து, "வாங்க மேடம், உங்களுக்குத்தான் காத்திருக்கோம்" என்றார். சிரிப்பு அவள் புடவையில் இருந்த கறுப்புச் சேற்றைப் பார்த்ததும் பாதியில் நின்றது.

"சார், கல்ல நட வேண்டாம்" என்றாள். "நான் வெச்ச புள்ளி தப்பு."

 இருபத்தாறு வருஷத்தில் அவள் வாயிலிருந்து வராத வாக்கியம் அது.  ஆனாலும் சொல்ல ஆரம்பித்ததை நிறுத்தவில்லை. கலங்கரை விளக்கத்தைக் கழற்றி மாட்டியது, அதை நகராத பொருள் என்று எடுத்துக்கொண்டது, கடற்கரையில் கிடக்கிற வண்டித் தடம், எல்லாவற்றையும் தாளை விரித்து வைத்துச் சொன்னாள். "வருஷத்துக்கு அஞ்சு மீட்டர் நகருது. இந்த மேட்டுக்கும் கடலுக்கும் நூறு மீட்டர். இருபது வருஷத்துல இந்த எடம் தண்ணிக்குள்ள இருக்கும். பெரும் புயல் வந்தா அதுக்கும் முன்னாடியே."

அதிகாரி இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் தரையைப் பார்த்தார். அப்போது முன்வரிசையிலிருந்து தீவின் ஒரே மளிகைக் கடைக்காரம்மா எழுந்தாள்.

"நான் அன்னிக்கே கேட்டேன், இங்கயா கட்டப்போறீங்கன்னு. மேப்புல இந்த எடம் எண்பது வருஷமா அசையலன்னு காமிச்சாங்க. என் வீட்ட மூணு தடவ இழுத்தவ நான். இருந்தாலும் ஆபீஸ்ல பெரிய மெஷின் வெச்சுப் பாத்தவங்க சொல்றாங்க, நம்ம கண்ணுதான் தப்பா இருக்கும்னு நெனச்சுகிட்டோம்."

புள்ளியக்காவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி யாராவது திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. முந்நூறு பேர் தங்கள் சொந்தக் கண்ணை நம்பாமல் அவள் புள்ளியை நம்பியிருக்கிறார்கள். "மன்னிச்சுக்கங்கம்மா" என்றாள்.

"மன்னிக்கிறது இருக்கட்டும். எங்கதான் கட்டுறது? தீவுல எந்த எடத்துல கட்டினாலும் ஒருநாள் அது கடல்தானே?"

அதுதான் கேள்வி. இன்ஜினியர் பேனாவை எடுத்தார். தீவின் நடுவில் என்றால் நாற்பது வருஷம். கழிக்கரையில் என்றால் எண்பது. ஆனால் ஊர் இருக்கும் பகுதியில் அங்கே அங்குலம் விடாமல் வீடுகள், ஊரைவிட்டுத் தள்ளிக் கட்டினால் புயலில் ஓடிப்போய்ச் சேர முடியாது. காப்பகத்துக்கு இடம் வேண்டுமென்றால் பத்துக் குடும்பத்தைக் கிளப்பவேண்டும்.  புள்ளியக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீவு எங்கே இருந்தது என்று தெரியும். எங்கே இருக்கிறது என்றும் தெரியும். எங்கே போகிறது?

விரலைக் கழியின் மேல், வெறும் நீல நிறத்தின்மேல் வைத்தாள்.

"இங்க கட்டுங்க சார்."

"மேடம், அது தண்ணி."

"முழங்கால் ஆழம்தான். கரையிலேருந்து அறுபது மீட்டர் உள்ள தள்ளி, உயரமாத் தூண் எழுப்பிக் கட்டுங்க. ஒரு நடைபாலம் போடுங்க. தீவு வந்துகிட்டுதானே இருக்கு? வரட்டும். அடியில வந்து, தாண்டிப் போக தொண்ணூறு வருஷம் ஆகும்."

முன்வரிசை எழுந்து வந்து அவள் விரல் இருந்த இடத்தைப் பார்த்தது. பிறகு கடைக்காரம்மா சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பந்தலே சிரித்தது. "தீவு போற வழியில முன்னாடியே போய் ஒக்காந்துக்கலாங்கிறாங்க" என்று யாரோ கத்தினார்கள். இன்ஜினியர் மட்டும் சிரிக்கவில்லை. தாளின் ஓரத்தில் ஏதோ கிறுக்கி, அடித்து, மறுபடி கிறுக்கிக்கொண்டிருந்தார்.

திரும்பிவந்ததும் புள்ளியக்கா செய்த முதல் வேலை, குறிப்புக் கட்டத்தைத் திறந்து அந்த வரியை அழித்ததுதான். "பழைய அளவீடு முற்றிலும் சரி. பிழை என்னுடையது" என்று எழுதி மறுபடி கையெழுத்துப் போட்டாள். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதற்கும் அதே வரியைத்தான் எழுதினாள். பிரிவில் சில நாள் யாரும் அவளிடம் நேராகப் பேசவில்லை. கணவர் மட்டும், "எழுதினவன் நெதானத்துலதான் இருந்தானா?" என்று கேட்டார். "ஆமாங்க. நான்தான் இல்ல" என்றாள். அன்றைக்கு அவர் அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை.

தண்ணீருக்குள் காப்பகமா என்று மூன்று கூட்டம் போட்டுச் சிரித்துவிட்டு, நாலாவது கூட்டத்தில் ஒத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷத்தில் கட்டி முடித்தார்கள். பதினெட்டுத் தூண்கள், சுற்றிலும் கழித் தண்ணீர், கரையிலிருந்து ஒரு நடைபாலம். படகில் போகிறவர்கள் அதைக் காட்டி, கரைக்கு வழி தெரியாமல் நிற்கிற கட்டடம் என்று கேலி செய்தார்களாம்.

அவள் ஓய்வு பெற்ற ஆறாம் மாதம் அந்தப் புயல் வந்தது. ஒன்பது பேரைக் கொண்டுபோனதைவிடப் பெரியது என்று வானொலியில் சொன்னார்கள். கழியில் படகு விட முடியாது, தொலைபேசியும் அறுந்துபோயிற்று. முந்நூறு பேரும் அவள் விரல் வைத்த நீல நிறத்தின் நடுவே பதினெட்டுத் தூணின்மேல் இருந்தார்கள். அவளும் கணவரும் ஒன்றரை நாள் சாப்பிட்டதும் தெரியாமல், பேசியதும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். புள்ளி மறுபடியும் தப்பியிருந்தால்? அவள் அந்த ஒரு கேள்வியைத்தான் அத்தனை நேரமும் மென்றுகொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்குத் தொலைபேசி மறுபடி உயிர் பெற்று அடித்தது. படகோட்டியின் குரல். பின்னால் ஒரே இரைச்சல்.

"எத்தன பேரு?" என்றாள். வேறெதுவும் கேட்க வரவில்லை.

"எல்லாரும் இருக்கோம்க்கா. கடைக்காரம்மா ரெண்டு தடவ எண்ணிட்டாங்க. முந்நூத்திப் பதினாலு. போன மாசம் பொறந்த கொழந்தையோட சேத்து."

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கேக்குதுங்களா?" என்று கணவரிடம் திரும்பி, ரிசீவரை அவர் காதுப்பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.

"அந்தப் பழைய மணல்மேடு இல்லக்கா. மொத்தமாப் போயிருச்சு, அங்க அலை அடிக்குது" என்றார் படகோட்டி. மூச்சு வாங்கினார். "காத்து நின்னதும் நான்தான் மொதல்ல எறங்கினேன். முழங்கால் தண்ணி இருக்கும்னு பேண்ட்ட மடிச்சு விட்டுகிட்டு, பாத்துப் பாத்துக் கால வெச்சேன். தண்ணியே இல்ல. மணலு. பாலத்தையும் காணோம், அது மணலுக்குள்ள இருக்கு. எல்லாரும் செருப்பு போட்டுகிட்டு எறங்கி வீட்டப் பாக்க நடந்து போயிட்டிருக்காங்க. நாங்க இருந்த எடத்துக்கே வந்து நிக்குதுக்கா, தீவு."